பல நம்பிக்கை, ஒரே உண்டியல்: கேள்வி பதில்

கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் மாதாமாதம் ஆளுக்கு நூறு ரூபாய் சேர்த்து யாருக்காவது உதவுகிறோம். மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் சுற்றி ஆடுகிறவர், கறுப்புச் சட்டைக்காரர், பெந்தெகொஸ்தே சபைக்காரர், ஜமாத்தில் பொறுப்பில் இருப்பவர் என்று எல்லோரும் அதில் உண்டு. இதே மாதிரி ஆரம்பிக்க நினைக்கிறவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில். நன்கொடை கொடுத்தால் வருமான வரியில் தரும் 80ஜி விலக்கு பற்றி ஒரே தடவைதான் சொல்வேன்.

காங்கயத்துக்காரன்: ஏனுங்கண்ணா, எங்கள் குழுவில் எண்பது பேர். சாமி, கட்சி என்று பேச்சு வந்தால் ரெண்டு நாளைக்குச் சண்டை. சேர்ந்து உதவி செய்தால் ஒற்றுமை வருமா? ஆளுக்கு எவ்வளவு வாங்கலாம்?

ஒற்றுமை என்று சொல்லி ஆரம்பிக்காதீர்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் பாதிப் பேர் உஷாராகிவிடுவார்கள். "இந்த மாதம் இன்ன தேவை, ஆளுக்கு நூறு, ஞாயிறு மாலைக்குள்" என்று மட்டும் போடுங்கள்.

நூறுக்கு மேல் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இதில் நான் ரொம்பப் பிடிவாதம். ஐயாயிரம் கொடுத்தவர் அடுத்த மாதம் யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய ஆரம்பிப்பார். அவர் வாய் திறக்காவிட்டாலும் மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். நம் ஊர் மொய் நோட்டு மாதிரிதான். யார் எவ்வளவு எழுதினார் என்று ஊருக்கே தெரியும், திருப்பிச் செய்யாவிட்டால் பேச்சு வரும். அந்த நோட்டு கல்யாணத்தோடு இருக்கட்டும். வசதி உள்ளவர் தனியாகச் செய்துகொள்ளட்டும், தடுப்பார் இல்லை.

கொடுப்பவர் எதற்காகக் கொடுக்கிறார் என்று கேட்கவே கூடாது. ஒருவருக்குப் புண்ணியம், ஒருவருக்கு ஊழியம், ஒருவருக்கு மனிதநேயம். எங்கள் குழுவில் பூசாரி வீட்டுக்காரரும் கறுப்புச் சட்டைக்காரரும் முதன்முதலில் ஒத்துப்போனது, மருந்துக்கடை பில்லில் தள்ளுபடி போடவில்லை என்ற விஷயத்தில்தான். ரெண்டு பேரும் ஒரே வண்டியில் கடைக்குப் போய்க் கேட்டார்கள். பில்லைப் பொதுவில் போட்டால் இப்படித் தானாக நடக்கும். கூட்டம் போட்டு ஒற்றுமை பேசினால் நடக்காது.

அம்மணி, பொள்ளாச்சி: பணத்தை யார் கணக்கில் வாங்குவது? எங்கள் குழுவில் ஒரு அண்ணன் தன் சம்பளக் கணக்குக்கே அனுப்பச் சொல்கிறார்.

வேண்டாம் அம்மணி. அவர் நல்லவராகவே இருக்கட்டும். சம்பளம், பெட்ரோல், பால்காரர், உதவிப் பணம் எல்லாம் ஒன்றாகக் கலந்தால் அவருக்கே கணக்குத் தெரியாது. இதற்கென்றே ஒரு தனி சேமிப்புக் கணக்கு, வருடத்துக்கு ஒருவர் பொறுப்பு. அதுவும் அவர் பெயரில் இருக்கிற பணம்தான் என்பதை மறக்காதீர்கள். அவருக்கு ஏதாவது ஆனால் வாரிசு கைக்குப் போய்விடும். அதனால் மாதக் கடைசியில் மிச்சம் வைக்காமல் செலவு செய்துவிடுங்கள். சேர்த்து வைத்துப் பெரிதாகச் செய்யலாம் என்கிற ஆசைதான் பல குழுக்களைக் கெடுத்தது.

இன்னொன்று. யார் கொடுத்தார்கள் என்ற பட்டியலைப் பெயரோடு போடாதீர்கள். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று சபைக்காரர்கள் சொல்வார்கள், அவர்கள் சங்கடமும் நியாயம்தான். யூபிஐ அனுப்பினால் 12 இலக்கத்தில் ஒரு குறிப்பு எண் வருமல்லவா? அதில் கடைசி நான்கு எண்ணை மட்டும் வரிசையாகப் போடுங்கள். அவரவர் எண் இருக்கிறதா என்று அவரவர் பார்த்துக்கொள்வார்கள். கொடுக்காதவர் யார் என்றும் யாருக்கும் தெரியாது. ஸ்கிரீன்ஷாட்டை நம்பி வரவு வைக்காதீர்கள். போலி ஸ்கிரீன்ஷாட் போடும் செயலிகள் உண்டு. வங்கிக் கணக்கில் ஏறியதா என்று பார்த்து எழுதுங்கள்.

திருப்பூர் பனியன்: 80ஜி விலக்கு கிடைக்குமா?

கிடைக்காது. அது பதிவு பெற்று, வருமான வரித் துறையிடம் ஒப்புதலும் வாங்கிய அறக்கட்டளைகளுக்குக் கொடுத்தால்தான். அங்கேயும் பெரும்பாலும் கொடுத்ததில் பாதிக்குத்தான் விலக்கு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் இல்லை. புதிய வரிமுறையில் இருப்பவருக்கு எதுவுமே இல்லை. நூறு ரூபாய்க்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம்.

பவானி ஜமுக்காளம்: ஆடி அமாவாசைக்குக் கூடுதுறையில் அன்னதானம் போடலாம் என்பது பெரும்பான்மை முடிவு. மூன்று பேர் மட்டும் முறுக்கிக்கொள்கிறார்கள். பெரும்பான்மை போதாதா?

போதாது. ஓட்டெடுப்பில் ஜெயிப்பீர்கள், அப்புறம் அந்த மூன்று பேரும் சத்தமில்லாமல் நின்றுவிடுவார்கள். அடுத்து அவர்களுக்குத் தெரிந்த நாலு பேர். ஆடி அமாவாசைக்குக் கூடுதுறையில் தர்ப்பணம் கொடுக்க வருகிற கூட்டத்துக்குச் சோறு போட ஆள் இல்லாமல் இல்லை. கோயில்களில் அரசின் அன்னதானத் திட்டமே 2002 முதல் நடக்கிறது. உங்கள் பணம் இல்லாததால் அங்கே இலை காலியாகாது. கோவை பெரிய ஆஸ்பத்திரியில் தாளவாடி மலையிலிருந்து வந்து நோயாளிக்குத் துணையாக இருக்கிறவரைப் பாருங்கள். அவருக்கு வேண்டியது ஒரு பாய், பக்கெட், மக், பிளாஸ்க், துண்டு. அவசரத்தில் கிளம்பி வந்தவர் கையில் இதில் ஒன்றும் இருக்காது.

பகுத்தறிவு, பெருந்துறை: சரியாகச் சொன்னீர்கள் ஐயா. கோயிலுக்குக் கொடுப்பதே மூடநம்பிக்கை.

நான் அப்படிச் சொல்லவில்லை தம்பி. என் வாயில் வார்த்தையைப் போடாதீர்கள். அன்னதானப் பந்தியில் உட்காருகிறவருக்குப் பசி உண்மை. பொதுப்பணம் எங்கே போக வேண்டும் என்பது மட்டும்தான் என் பேச்சு. செப்டம்பர் 17 அன்று பெரியார் படம் போட்ட நோட்டுப் புத்தகம் கொடுக்க இந்தப் பணத்தை எடுக்கலாமா என்று கேட்டாலும் இதே பதில்தான் வரும். உங்கள் காசில் கொடுங்கள், நானும் வந்து அடுக்கித் தருகிறேன்.

நோம்பி மாப்ள: ரம்ஜான் கஞ்சிக்கு அரிசி வாங்கிக் கொடுத்தால் மட்டும் மதநல்லிணக்கம் என்பார்கள். சட்டம் எங்களுக்கு மட்டும்தானா?

எல்லாருக்கும்தான். பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிக்கு அரசே வருடாவருடம் அரிசி ஒதுக்குகிறது. நம் நூறு ரூபாய்க்கு அங்கே வேலை இல்லை. கஞ்சி குடிக்கக் கூப்பிட்டால் நான் முதல் ஆளாகப் போவேன், அது வேறு.

கருங்கல்பாளையம் பாய்: நாங்கள் கேட்கவே இல்லையே மாப்ள! அண்ணா, என் சந்தேகம் வேறு. என் ஜகாத்தை இதில் சேர்க்கலாமா? வட்டி வேறு வருமே?

ஜகாத்தை இதில் கொண்டுவராதீர்கள் பாய். அது கடமை, நிசாப் என்கிற குறைந்தபட்ச அளவுக்கு மேல் இருக்கும் செல்வத்தில் இரண்டரை சதவீதம், எட்டு வகையினருக்கு என்று வரையறை இருக்கிறது. முஸ்லிம்களுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பது பெரும்பாலான ஆலிம்களின், அதாவது மார்க்க அறிஞர்களின், கருத்து. எங்கள் பட்டியலில் யார் என்ன மதம் என்று நாங்கள் பார்ப்பதில்லை, அதனால் உங்கள் கடமை நிறைவேறியதா என்று உங்களுக்கே உறுத்தும். சதக்கா, அதாவது விருப்பப்பட்டுக் கொடுக்கும் தானம், என்றால் அந்தச் சிக்கல் இல்லை, யாருக்கும் கொடுக்கலாம். அந்த நூறை அப்படி நினைத்துக் கொடுங்கள். மாதக் கடைசியில் கணக்கைக் காலி செய்தால் வட்டி சில ரூபாய்தான் வரும். அதையும் நன்மை எதிர்பார்க்காமல் ஏழைக்குக் கொடுத்துவிடலாம் என்று பல ஆலிம்கள் சொல்கிறார்கள். உங்கள் ஹஜ்ரத்தையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நோம்பி மாப்ள: அன்னதானத்தை விட உயர்ந்த தானம் உண்டா? கோயில் வேண்டாம் என்றால் ஆஸ்பத்திரி வாசலிலாவது சாப்பாடு போடலாமே.

போடலாம், போட்டும் பார்த்தோம். தக்காளிச் சோறு போதும் என்றார் ஒருவர், முட்டை வைத்தால் என்ன என்றார் இன்னொருவர், வெள்ளிக்கிழமை முட்டையா என்றார் மூன்றாமவர். பிரியாணி என்று ஒருவர் சொன்னதும் ஹலால் பேச்சு வந்தது. பொட்டலம் கட்டும் முன்பே குழுவில் இருநூறு செய்தி. பிளாஸ்க்கில் சைவம் அசைவம் இல்லை. சாப்பாட்டுக்கு மாநகராட்சி அம்மா உணவகம் இருக்கிறது, இட்லி ஒரு ரூபாய். சிங்காநல்லூரில் சாந்தி சமூக சேவை 1996 முதல் நடக்கிறது, அங்கே குறைந்த விலைக்கு நல்ல சாப்பாடு. வழி காட்டுவதும் உதவிதான் மாப்ள. இத்தோடு சோற்றுப் பேச்சை விடுகிறேன்.

கரூர் கொசுவலை: பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஆபரேஷன், ரெண்டு லட்சம் வேண்டும். குழுவில் போடலாமா?

முதலில் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இதை நான் தொண்டை வலிக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை கிடைக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் ரேஷன் கார்டு, விஏஓவிடம் வாங்கிய வருமானச் சான்று எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் போனால் அட்டைக்குப் பதியலாம். அந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறதா, அந்த ஆபரேஷன் பட்டியலில் இருக்கிறதா என்று அங்கே உள்ள காப்பீட்டு மேசையிலேயே கேட்டுவிடலாம். இது தெரியாமல் பணம் திரட்டி, கட்ட வேண்டியதில்லாத பில்லைக் கட்டுகிறார்கள்.

அட்டை போக மிஞ்சும் செலவு இருக்கும்: வெளியே எழுதிக் கொடுக்கும் மருந்து, போக்குவரத்து, அப்பாவுக்குப் போன கூலி. பெண்களுக்கு இலவசம் என்பது சாதாரண டவுன் பஸ்ஸுக்குத்தான். சத்தியமங்கலத்திலிருந்து கோவைக்கு வரும் பஸ்ஸுக்கு அம்மாவும் டிக்கெட் எடுக்க வேண்டும். உங்கள் நூறுகள் சரியாகப் பொருந்துகிற இடம் இதுதான். மருந்தை மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களிலோ விசாரித்து வாங்குங்கள்.

பெரிய தொகையை அந்தக் குடும்பத்தார் கணக்குக்கு அனுப்பாதீர்கள். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் மொத்தமும் அவர் வருமானத்தில் சேரும். ஆஸ்பத்திரி கணக்குக்கே கட்டி ரசீது வாங்குங்கள்.

பையன் போட்டோ போடாதீர்கள். மூக்கில் குழாயோடு இருக்கிற படத்தைப் பார்த்துத்தான் காசு வரும் என்றால் அந்தக் காசு வேண்டாம். நாளைக்கு அவன் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

டெக்சாஸ் கோயமுத்தூரான்: அமெரிக்காவிலிருந்து அனுப்பலாமா?

பாஸ்போர்ட் எந்த நாடு? இந்திய பாஸ்போர்ட் என்றால், கிரீன் கார்டு இருந்தாலும், உங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டீர்கள் என்றால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி நீங்கள் வெளிநாட்டவர். அனுமதி இல்லாத குழு உங்களிடம் வாங்கக் கூடாது. நூறு ரூபாய் என்றாலும் சட்டம் சட்டம்தான். அந்த அனுமதி உள்ள அமைப்புக்கு நேரடியாகக் கொடுங்கள். குழுவில் பில்லைச் சரிபார்க்கும் வேலை இருக்கிறது, அதைச் செய்யுங்கள். உங்கள் ராத்திரி எங்களுக்குப் பகல், ஆள் கிடைப்பதில்லை.

சென்னிமலைக்காரன்: 80ஜி ரசீது...

மேலே இருக்கிறது.

அவிநாசி டீச்சர்: எங்கள் அரசுப் பள்ளிக்கு நோட்டு, பேனா வாங்கித் தர நினைக்கிறோம்.

டீச்சர், உங்களுக்குத் தெரியாததா? பாடநூல், நோட்டு, சீருடை, பை, காலணி எல்லாம் அரசே கொடுக்கிறது. உடைந்த குழாய், எரியாத லைட், வடமாநிலத் தொழிலாளர் பிள்ளைக்கு ஆதார் எடுக்கக் கூட்டிப்போக ஆட்டோ கூலி, இப்படி ஹெட்மாஸ்டர் சொல்வதைச் செய்யுங்கள். சுவரில் பெயர் எழுதாதீர்கள்.

நாமக்கல் முட்டை: அறக்கட்டளையாகப் பதிந்துவிடலாமா அண்ணா? சங்கமாகவா?

ஏழு பேர் இருந்தால் 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தில் பதியலாம். அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம். அப்புறம் பான், தணிக்கை, ஆண்டுக் கணக்கு. தலைவர் யார், செயலாளர் யார் என்ற பேச்சு வந்த அன்றைக்கே யார் எந்த சாதி, எந்தச் சாமி என்ற பேச்சும் வந்துவிடும். மாதம் சில ஆயிரத்துக்கு வேண்டாம். லட்சக்கணக்கில் ஆனால் ஆடிட்டரைப் பாருங்கள்.

குன்னத்தூர்: எந்த நாளில் ஆரம்பித்தால் நல்லது?

சம்பளம் வந்த மறுநாள்.

ஊத்துக்குளி வெண்ணெய்: 80ஜிக்கு வேறு வழி இருக்கிறதா?

இல்லை. இல்லை.

பவானி ஜமுக்காளம்: இன்னொரு சந்தேகம். போன வருடம் ஒரு நெசவாளர் வீட்டுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தோம். இப்போது அவர் கூலி சேர்த்து 3,000 ரூபாய் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார். வாங்கினால் கடன் கொடுத்த மாதிரி ஆகாதா? பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள்.

வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் மாதம் நூறு என்ற அளவில். வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் அவரை எப்போதும் வாங்குகிறவராகவே வைத்துவிடுகிறீர்கள். மொத்தத்தையும் திருப்பித் தர வேண்டியதில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, விருப்பம் இருந்தால் அவரும் மாதம் நூறு போடலாம் என்று கேட்டுப் பாருங்கள். சரி என்றால் குழுவில் சேருங்கள், இன்னார் என்று அறிமுகம் எதுவும் வேண்டாம். அவர் நூறும் கடைசி நான்கு எண்ணாகத்தான் பட்டியலில் வரும்.