லீவ்ஸ் தோல்வியும் ஷெல்டன் கீஃபும்: கேள்வி பதில்

2024 மே 4ஆம் திகதி இரவு, NHL பனி ஹொக்கி லீக்கின் பிளே ஓஃப் (பருவ இறுதிக் கிண்ணத் தொடர்கள்) முதற்சுற்றின் ஏழாவதும் கடைசியுமான ஆட்டத்தில், ரொறன்ரோ மேப்பிள் லீவ்ஸ் அணி பொஸ்டன் புரூயின்ஸிடம் கூடுதல் நேரத்தில் 2–1 எனத் தோற்று வெளியேறியது. ஐந்தே நாளில் லீவ்ஸின் தலைமைப் பயிற்றுவிப்பாளர் ஷெல்டன் கீஃப் நீக்கப்பட்டார். அது சரியா என்ற வாதம் நம்மவரிடையே இன்னும் ஓயவில்லை. ஸ்காபரோவில் சிறுவர் அணிகளைப் பல ஆண்டுகள் பயிற்றுவித்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஏழாவது ஆட்டத்தை இழந்ததற்குக் கீஃப்தானே பொறுப்பு?

பதில்: அந்தக் கடைசிக் கோலைத் திரும்பப் பாருங்கள். கூடுதல் நேரம் தொடங்கி 1 நிமிடம் 54 வினாடி ஆகியிருந்தது. பொஸ்டனின் லிண்ட்ஹோம் ஆழமாக அடித்த பக் (ரப்பர் வட்டு) பின்பலகையில் பட்டுத் திரும்ப, நம் மார்னரைக் கடந்து விரைந்த பொஸ்டனின் பாஸ்ட்ர்நாக் அதைக் கோலாக்கினார். ஐந்து பருவ உழைப்பைப் பலகையில் பட்டுத் திரும்பிய ஒரு பக்கைக் கொண்டு அளக்காதீர்கள்.

கேள்வி: அப்படியானால் எதைக் கொண்டு அளப்பது, ஐயா?

பதில்: பயிற்றுவிப்பாளரின் கையில் உள்ளதைக் கொண்டு. எதிரணியில் ஒருவர் தண்டனைப் பெட்டியில் இருக்கும்போது ஆடும் பவர் பிளே அதில் முதன்மையானது. அந்தத் தொடரில் லீவ்ஸுக்கு 21 பவர் பிளே வாய்ப்புகள் கிடைத்தன. ஒன்றே ஒன்றுதான் கோலானது. வழக்கமான பருவத்தில் ஏறத்தாழ நான்கு வாய்ப்புக்கு ஒரு கோல் போட்ட அதே அணி இது. பொஸ்டனின் நால்வர் கோல் வாசலை நெருக்கி நிற்க, நம்மவர்கள் ஓரத்தில் பக்கைக் கைமாற்றியபடி குறுக்குப் பாஸுக்குக் காத்திருந்தார்கள். பவர் பிளேயை நேரடியாகக் கவனித்தவர் துணைப் பயிற்றுவிப்பாளர் கீ பூஷே என்றாலும், பலன் தராத அமைப்பை ஏழு ஆட்டங்களிலும் விட்டுவைத்த பொறுப்பு தலைமைப் பயிற்றுவிப்பாளருடையதே. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தொடரில் மூன்றுக்கு ஒன்று என்ற ஆட்டக் கணக்கில் பின்தங்கிய நிலையில், 69 கோல் அடித்த ஓஸ்டன் மத்தியூஸ் நோயால் விலகியிருக்க, ஐந்தாம், ஆறாம் ஆட்டங்கள் இரண்டையும் 2–1 என வென்றது கீஃப் இறுக்கிய தற்காப்பினால்தான். அந்த இரண்டு இரவுகளுக்கும் அவருக்கு உரிய மதிப்பைக் கொடுத்தே ஆக வேண்டும்.

கேள்வி: லீவ்ஸ் கோல் காப்பாளர் சம்சொனோவின் கையுறை நுட்பத்தில் குறை இருந்ததா?

பதில்: கோல் காப்பு என் துறை அன்று, அதில் பயிற்சி பெற்ற ஒருவரிடம் கேளுங்கள்.

கேள்வி: அணியின் சம்பளப் பணத்தில் பாதியை நான்கு பேருக்கே கொடுத்த நிர்வாகத்தை விட்டுவிட்டு, பாவம் பயிற்றுவிப்பாளரைத் திட்டலாமா?

பதில்: இதைப் பற்றியே பலர் மோதிக்கொள்கிறீர்கள், நியாயமான மோதல்தான். ஓர் அணி சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய 83.5 மில்லியன் டொலர் உச்சவரம்பில் மத்தியூஸ், மார்னர், டவாரெஸ், நைலாண்டர் ஆகிய நால்வருக்கே 40 மில்லியனுக்கு மேல் போனது. அந்த நால்வரையும் அத்தொகைக்குக் கட்டிப்போட்ட அணுகுமுறை கைல் டூபஸ் பொது முகாமையாளர் பொறுப்பில் இருந்தபோது, 2019 நவம்பரில் கீஃப் வருவதற்கு முன்பே முடிவானது. ஆகவே அந்த நால்வருக்குக் கீழே மெலிந்துபோன ஆட்டக்காரர் வரிசைக்குக் கீஃப் காரணர் அல்லர். ஆனால் அந்த நால்வரை எத்தனை நிமிடம், யாருக்கு எதிரே இறக்குவது என்பது அவர் கையில் இருந்தது. நிர்வாகத்தைக் காட்டி அந்தப் பொறுப்பை அழிக்க முடியாது.

கேள்வி: வென்றவர்தானே நல்ல பயிற்றுவிப்பாளர்?

பதில்: அன்று வென்ற பொஸ்டனின் ஜிம் மொன்ட்கொமரி அதே ஆண்டு நவம்பரில் நீக்கப்பட்டார்.

கேள்வி: நேரடியாகச் சொல்லுங்கள், கீஃபை நீக்கியது சரியா?

பதில்: இதே கேள்வி வேறு வேறு சொற்களில் பல முறை வந்துவிட்டது, இனி இதற்குப் பதில் எழுத மாட்டேன். வழக்கமான பருவத்தில் 349 ஆட்டங்களில் 212 வெற்றி. பிளே ஓஃபில் 2023இல் டம்பாவை வென்ற ஒரே ஒரு தொடர். நீக்கம் நியாயமானதே. ஆனால் காரணம் ஏழாவது ஆட்டம் அன்று; வசந்தத்தில் பிளே ஓஃப் வந்ததும் கோல் வற்றுவது ஆண்டுதோறும் திரும்பியும் மாற்று வழி காணப்படாததே காரணம்.

கேள்வி: கீஃபுக்குப் பதிலாகக் கிரேக் பெருபே வந்து என்ன மாறியது?

பதில்: 2025 பிளே ஓஃபில் ஒட்டாவாவை வென்றார்கள், அடுத்த சுற்றில் சொந்த அரங்கில் புளோரிடாவிடம் ஏழாவது ஆட்டத்தை 6–1 என இழந்தார்கள். அவரையும் அந்த ஓர் இரவை வைத்து அளக்காமல், அந்தத் தொடரின் பவர் பிளேக்களை முழுவதும் பார்த்துவிட்டு எழுதுங்கள். அப்போது விரிவாகப் பேசுவோம்.