முட்டி வீங்கினா எல்லாம் மூட்டுத் தேய்மானம் இல்லைங்க

ஈரோட்டுல பிசியோதெரபி பார்க்கிறவன். முட்டியைச் சுத்தி இருக்கற நீர்ப்பைகளைப் பத்தி வந்த கேள்விகளுக்கு என் பதில்.

திருப்பூர்ல டைல்ஸ் ஒட்டுற வேலைங்க. முட்டிச்சில்லு மேலயே எலுமிச்சம்பழம் அளவு வீங்கிக் கெடக்குது. மூட்டு தேஞ்சு போச்சுங்களா?

தேயலைங்க. தோலுக்கும் முட்டிச்சில்லுக்கும் நடுவுல பர்சான்னு ஒரு சின்னப் பை இருக்குது. சாதாரணமா அது வீங்கி இருக்காது. காலிப் பிளாஸ்டிக் கவருக்குள்ள ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுத் தேய்ச்சுப் பாருங்க, ரெண்டு பக்கமும் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கும். அதே வேலைதான். நாள் பூரா தரையில முட்டி ஊணுனா உள்சவ்வு கோவிச்சுக்கிட்டு நீரைச் சுரக்குது. அந்தக் காலத்துல இங்கிலாந்துல தரை துடைக்கற வேலைக்காரப் பெண்களுக்கு வந்ததால 'ஹவுஸ்மெய்ட்ஸ் நீ', அதாவது வேலைக்காரி முட்டின்னே பேரு. இந்தப் பைக்கும் மூட்டுக்கும் வழி கிடையாது. முட்டிக்கு மெத்தை கட்டிக்குங்க, கொஞ்ச நாள் மண்டி போடாதீங்க. செவந்து, சூடா, காய்ச்சலும் வந்தா கிருமி புகுந்திருக்கும். அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. வீட்டுல ஊசியால குத்தி நீர் எடுக்கற வேலை மட்டும் வேண்டாம்.

அம்மாவுக்கு 62 வயசு, ஊரு கோபி. மடக்குற பக்கம், பின்னால உருண்டையா இருக்குது. நீர் எடுத்தும் மறுபடி வந்துருச்சு.

வரத்தான் செய்யும். 1877-ல வில்லியம் மொரன்ட் பேக்கர் விவரிச்சதால அதுக்கு பேக்கர் கட்டின்னு பேரு. கெண்டைக்கால் தசைக்கும் தொடையின் பின்தசை நாணுக்கும் நடுவுல இருக்கற பை. பெரியவங்களுக்குப் பெரும்பாலும் மூட்டோட தொடர்பு இருக்கும். மூட்டுல தேய்மானமோ சவ்வுக் கிழிசலோ இருந்தா அங்க ஊறுற நீர் இங்க வந்து தேங்கும். வாய்க்கால்ல தண்ணி நிக்குதுன்னா மதகைப் பார்க்கோணுமுங்க. திடீர்னு கெண்டைக்கால் வீங்கி வலிச்சா பை வெடிச்சிருக்கலாம், ரத்தக்குழாய்க்குள்ள ரத்தம் உறைஞ்சும் இருக்கலாம். கையால தொட்டு ரெண்டையும் பிரிக்க முடியாது. தேய்க்காம, உடனே ஸ்கேன் எடுத்துருங்க.

சென்னிமலைப் படி ஏறுனா முட்டிக்கு உள்பக்கம், கொஞ்சம் கீழ குத்துதுங்க.

மூட்டு இடுக்குல இருந்து மூணு விரல் கீழயா? அங்க மூணு தசைநாண் சேர்ந்து எலும்புல ஒட்டுது. விரிஞ்ச வாத்துக்கால் மாதிரி இருக்கறதால லத்தீன்ல அந்தப் பேரேதான். அதுக்கு அடியில ஒரு பை. உடம்பு எடை கூடுனவங்களுக்கும், மூட்டுத் தேய்மானம் உள்ளவங்களுக்கும் இது அதிகம்.

மொத்தம் எத்தனை பைங்க?

பத்துக்கு மேல, ஆளுக்கு ஆள் மாறும். முட்டிச்சில்லுக்கு மேல, தொடைத்தசைக்கு அடியில இருக்கறது கருவுல தனியா உருவாகி, பெரும்பாலும் பொறக்கறதுக்கு முந்தியே மூட்டோட கலந்துடும். அங்க வீங்குனா மூட்டுக்குள்ளயே நீர்னு அர்த்தமுங்க.