வவுச்சர் காலாவதியாகப் போகிறது, அதற்காகக் கடன் வாங்கி வெளிநாடு போகலாமா?

கேள்வி (2022 அக்டோபர்): வணக்கம் சார். 2020 ஏப்ரலில் குடும்பத்தோடு வெளிநாட்டுச் சுற்றுலா போக எல்லாம் புக் செய்திருந்தோம், மார்ச்சிலேயே கோவிட்டால் எல்லைகளை மூடிவிட்டார்கள். ஓட்டல் பணம் திரும்பி வந்தது. விமான நிறுவனம் மட்டும் பணத்துக்குப் பதிலாக வவுச்சர் கொடுத்தது. இரண்டு தடவை தேதியை நீட்டி, இப்போது 2022 டிசம்பர் 31தான் கடைசி என்கிறார்கள். அதன் மதிப்பு எங்கள் வீட்டின் அரை மாதச் செலவு இருக்கும். இந்த டிசம்பரில் நான், கணவர், இரண்டு பிள்ளைகள், 68 வயது மாமியார் என ஐந்து பேரும் போனால் மொத்தம் மூன்றரை மாத வீட்டுச் செலவு அளவுக்கு ஆகும் போலிருக்கிறது. வங்கி டெபாசிட்டில் எட்டு மாதச் செலவுக்கான பணம் இருக்கிறது. அதைத் தொட மனசு வரவில்லை, வங்கியே பயணக் கடன் தருகிறேன் என்று கூப்பிடுகிறது, 24 மாதத் தவணை. கணவருக்கு 2020இல் ஐந்து மாதம் பாதிச் சம்பளம்தான் வந்தது, அந்தப் பயம் இன்னும் இருக்கிறது. அத்தைக்குச் சர்க்கரை வியாதி உண்டு. ஆனால் மூன்று வருடமாக எங்கும் போகவில்லை, பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: வணக்கம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் வேண்டாம், கடன் வேண்டவே வேண்டாம், ஆனால் பயணம் கட்டாயம் போங்கள். மூன்று வருடம் அடைந்து கிடந்த குடும்பத்திடம் "சுற்றுலா வீண் செலவு" என்று உபதேசம் செய்கிற ஆள் நான் இல்லை.

முதலில் அந்த வவுச்சரைப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் முடிவெடுப்பது நீங்கள் இல்லை, வவுச்சர்தான். அரை மாதச் செலவைக் காப்பாற்றுவதற்காக மூன்று மாதச் செலவை அவசரமாக எடுத்து நீட்டப் பார்க்கிறீர்கள். அந்த மின்னஞ்சலைத் திறந்து, தேதி இருக்கும் வரியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். டிசம்பர் 31க்குள் "புக் செய்ய வேண்டும்" என்றிருக்கிறதா, "பயணத்தைத் தொடங்க வேண்டும்" என்றிருக்கிறதா, இல்லை "பயணத்தை முடிக்க வேண்டும்" என்றா? பார்க்க ஒன்றுபோல் தெரியும், மூன்றும் மூன்று விஷயம். புக் செய்தால் போதும் என்றால் உங்கள் பிரச்சினை பாதி தீர்ந்தது. பெரும்பாலான விமான நிறுவனங்கள் ஏறக்குறைய 11 மாதம் முன்கூட்டியே டிக்கெட் விற்கின்றன, டிசம்பரில் உட்கார்ந்துகொண்டு அடுத்த வருடம் ஏப்ரலுக்கோ அதற்குப் பிறகோ டிக்கெட் போட்டுவிடலாம். அதே மின்னஞ்சலில் இன்னும் இரண்டைத் தேடுங்கள்: வவுச்சர் ஒரே தடவையில் தீர வேண்டுமா அல்லது மிச்சம் நிற்குமா, பெயர் மாற்ற முடியுமா.

பயணத்தையே தொடங்க வேண்டும் என்று இருந்தால் இன்னொரு நீட்டிப்போ பணமோ கேட்டு எழுதுங்கள். போனில் பேசாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். விமானத்தை ரத்து செய்தது அவர்களா நீங்களா என்பது இங்கே ரொம்ப முக்கியம். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி நிறுவனம் ரத்து செய்தால் ஏழு நாளுக்குள் பணத்தைத் திருப்ப வேண்டும், பயணி சம்மதித்தால்தான் வவுச்சர். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையும் 2020 ஏப்ரலில் நிறுவனங்களுக்கு இதையே நினைவூட்டியது, அதாவது ஊரடங்கால் ரத்தானாலும் பணம் தரும் கடமை போகாது என்று. உங்கள் விமானம் எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் வரும் என்று பார்த்துக்கொண்டு, அந்த விதியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பெயர் சொல்லிக் கேட்கிற கடிதத்துக்குப் பதில் கொஞ்சம் சீக்கிரம் வரும் என்பது என் அனுபவம். எதுவும் நடக்கவில்லையா, வவுச்சர் போனால் போகட்டும். டிசம்பர் கடைசி வாரக் கட்டணமும் அறை வாடகையும் சாதாரண மாதத்தைவிட ஏறிக் கிடக்கும். ஐந்து பேருக்கு அந்த வித்தியாசமே நீங்கள் காப்பாற்ற நினைக்கும் தொகையைத் தின்றுவிடும்.

சரி, கணக்குக்கு வருவோம். நீங்கள் தொகையைச் சொல்லாமல் மாதச் செலவில் சொன்னது நல்லதாய்ப் போயிற்று, நானும் அப்படியே போடுகிறேன். கையில் எட்டு மாதம். பாதிச் சம்பளத்தில் ஐந்து மாதம் ஓட்டிய வீட்டுக்கு ஆறு மாதச் செலவு அசையாமல் கிடக்க வேண்டும். பொதுவாக மூன்று மாதம் போதும் என்பார்கள், உங்களுக்கு நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆக, தொடக்கூடியது இரண்டு மாதம். பயணத்துக்கு மூன்றரை, அதில் வவுச்சர் அரையைக் கழித்தால் மூன்று. ஒரு மாதச் செலவு துண்டு விழுகிறது. இதைத்தான் வங்கி கடனால் நிரப்பப் பார்க்கிறது.

மாதாமாதம் கால் மாதச் செலவு அளவுக்கு உங்களால் மிச்சம் பிடிக்க முடிந்தால் அந்தத் துண்டு நான்கு மாதத்தில் தானாக அடையும். இப்போது அக்டோபர், பிப்ரவரிக்குள் முடிந்துவிடும். ஆனால் நான் ஏப்ரல் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது, கூட ஒரு அரை மாதச் செலவு சேர வேண்டும். அது எதற்கு என்று கீழே சொல்கிறேன். பிள்ளைகளின் அடுத்த நீண்ட விடுமுறை எப்போதோ அதை ஒட்டி வையுங்கள்.

கடன் ஏன் வேண்டாம்? வட்டி ஒரு காரணம். 2022 மார்ச்சில் பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்த அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி செப்டம்பரில் 3 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, மற்ற நாட்டு வங்கிகள் பலவும் பின்னாலேயே ஏற்றின. ஆனால் எனக்குப் பெரிய காரணம் வேறு. ரத்தான பயணத்துக்கும் தவணை கட்டியாக வேண்டும். போகாத ஊருக்கு 24 மாதம் பணம் கட்டுவதை யோசித்துப் பாருங்கள். வட்டியில்லாத் தவணை என்று பயண இணையதளங்கள் காட்டுவதிலும் மயங்க வேண்டாம், மொத்தமாகக் கட்டினால் கிடைக்கும் தள்ளுபடி அதில் கிடைக்காது, அதற்குப் பெயர்தான் வட்டி. டெபாசிட்டைத் தொட மனசு வராதது நல்ல குணம்தான், ஆனால் டெபாசிட்டில் வாங்கும் வட்டியைவிடக் கடனுக்குக் கட்டும் வட்டி அநேகமாக எப்போதும் அதிகம். ஒரே பெரிய டெபாசிட்டாக இருந்தால் பகுதி மட்டும் எடுக்க முடியுமா என்று கேளுங்கள், பல சிறியவையாக இருந்தால் சீக்கிரம் முதிர்வதை எடுங்கள்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. 2020க்கு முன்னால் பயணத்துக்கு பட்ஜெட் போடுவதென்றால் மொத்தம் எவ்வளவு ஆகும் என்று பார்ப்போம், அவ்வளவுதான். இப்போது இன்னொரு தொகையையும் பார்க்க வேண்டும்: இன்று ரத்தானால் எவ்வளவு திரும்பாது? நான் இதைத் திரும்பாப் பணம் என்று சொல்வேன். ஒவ்வொரு முறை பணம் கட்டும்போதும் ஒரு நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள், கட்டியது, திரும்பாதது. இரண்டாவது பத்தியின் கூட்டுத்தொகை எந்த நாளிலும் ஒரு மாதச் செலவைத் தாண்டக் கூடாது என்பது உங்களுக்கு நான் போடும் கோடு. இந்தக் கோடு இருந்தால் பல கேள்விகளுக்குத் தானாகப் பதில் வந்துவிடும். ரத்து செய்ய முடியாத அறை கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும், ஆறு மாதம் முன்னால் அதை எடுக்காதீர்கள். கடைசி நாள்வரை இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையை இப்போது எடுத்து வைத்துக்கொண்டு, கிளம்புவதற்குப் பத்து நாள் இருக்கும்போது மலிவானது கிடைக்கிறதா என்று பார்க்கலாம்.

2022இல் எல்லைகள் திறந்துகொண்டு வந்தது உண்மை. பிரிட்டன் 2022 மார்ச் 18ஆம் தேதியே பயணிகளுக்கான எல்லாக் கோவிட் விதிகளையும் எடுத்துவிட்டது, நியூசிலாந்து ஜூலை 31இல் முழுதாகத் திறந்தது, கனடாவும் தாய்லாந்தும் அந்த அக்டோபர் 1 முதல் தடுப்பூசிச் சான்று கேட்பதில்லை. ஜப்பான் அதே மாதம் 11ஆம் தேதி முதல் தனியாக வரும் சுற்றுலாப் பயணிகளையும் அனுமதித்தது, அப்போது மூன்று தவணை ஊசி அல்லது 72 மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனை வேண்டியிருந்தது. அமெரிக்கா 2022 ஜூனில் பரிசோதனையை விட்டுவிட்டது, வெளிநாட்டவருக்குத் தடுப்பூசி மட்டும் அப்போதும் கட்டாயமாக இருந்தது. சீனாவில் 2022 அக்டோபரிலும் தனிமைப்படுத்தல் இருந்தது. இப்படிப் பட்டியல் போட்டுப் பார்க்கும்போது எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும். 2021 நவம்பரிலும் அப்படித்தான் தோன்றியது. 24ஆம் தேதி தென்னாப்பிரிக்கா புதிய கொரோனா வகை பற்றிச் சொன்னது, 26இல் அதற்கு ஒமிக்ரான் என்று பெயர் வந்தது, அந்த வார இறுதிக்குள் பல நாடுகள் அங்கிருந்து வரும் விமானங்களை நிறுத்திவிட்டன. போவதற்கான விதியை எல்லோரும் பார்க்கிறார்கள், வழியில் விமானம் மாறும் நாட்டின் விதியையும் திரும்பி வரும்போது உள்ள விதியையும் பார்ப்பவர்கள் குறைவு.

அதற்குத்தான் அந்தக் கூடுதல் அரை மாதச் செலவு. ஐந்து பேரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் அங்கேயே தங்க வேண்டி வந்தால் அறை, சாப்பாடு, டிக்கெட் மாற்றும் கட்டணம் எல்லாம் கையிலிருந்துதான் போகும். செலவாகாவிட்டால் திரும்பி டெபாசிட்டுக்கே போகட்டும்.

டிக்கெட்டை விமான நிறுவனத்திடமே நேராக வாங்குங்கள். 2020இல் நான் ஒரு இணைய ஏஜென்டிடம் வாங்கிய டிக்கெட் ரத்தானபோது, பணத்தை ஏஜென்டுக்கு அனுப்பிவிட்டோம் என்றது விமான நிறுவனம், எங்களுக்கு வரவே இல்லை என்றார் ஏஜென்ட். ஏழு மாதம் இரண்டு பேரும் என்னைப் பந்தாடினார்கள். ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறவன், கொஞ்சம் மலிவு என்று ஆசைப்பட்டதற்கு வந்த வினை. இன்னொன்று, வழியில் விமானம் மாற வேண்டியிருந்தால் இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தனித்தனியாக வாங்கி முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதின் பணம் போனதுதான். 2022 கோடையில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையம் ஆள் பற்றாக்குறையால் நாளுக்கு 1,00,000 பயணிகளுக்கு மேல் புறப்படக் கூடாது என்று வரம்பே போட்டது. தாமதம் அந்த அளவுக்குச் சகஜமாகியிருந்தது.

நாணயத்தையும் ஒரு பார்வை பாருங்கள். 2022 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 115 ஜப்பானிய யென், அக்டோபரில் 145ஐ ஒட்டி. அதே வருடம், இருபது வருடத்தில் முதல் முறையாக யூரோ டாலருக்குச் சமமாகி அதற்குக் கீழேயும் இறங்கியது. உங்கள் நாட்டு நாணயம் யென்னையோ யூரோவையோவிடக் குறைவாக விழுந்திருந்தால் அந்த ஊர்கள் உங்களுக்கு மலிவாகியிருக்கின்றன, டாலரில் செலவழிக்கும் ஊர்கள் கூடியிருக்கின்றன. போகும் இடத்தை முடிவு செய்யும்முன் பத்து நிமிடம் இதற்குச் செலவிடலாம். தேவையான அந்நிய நாணயத்தை ஒரே நாளில் வாங்காமல் மூன்று நான்கு தவணையாக வாங்குங்கள். அப்புறம், அங்கே கடையில் கார்டைச் செருகியதும் மெஷின் ஒரு கேள்வி கேட்கும், உங்கள் ஊர் நாணயத்தில் கழிக்கவா, இந்த ஊர் நாணயத்தில் கழிக்கவா என்று. சொந்த நாணயத்தைப் பார்த்ததும் கை தானாக அங்கே போகும். போகக் கூடாது. அந்த மாற்று விகிதம் கடைக்காரரின் வங்கி வைப்பது, கூடுதல் சதவீதங்கள் அதற்குள் ஒளிந்திருக்கும். அந்த ஊர் நாணயத்தையே அழுத்துங்கள், எத்தனை பேர் பின்னால் வரிசையில் நின்றாலும்.

இன்சூரன்ஸில் முக்கியமானவர் உங்கள் மாமியார். அவருடைய சர்க்கரை வியாதியை மறைக்காமல் எழுதுங்கள், பிரீமியம் ஏறினாலும் பரவாயில்லை. மறைத்தால் அங்கே ஆஸ்பத்திரியில் சேரும் நாளில்தான் பாலிசி செல்லாது என்று தெரியவரும். ஏற்கெனவே உள்ள நோய்க்கு அவசரச் சிகிச்சையாவது உண்டா, கோவிட் வந்தால் சிகிச்சைக்கு மட்டுமா, தனிமையில் தங்கும் செலவுக்கும் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எல்லை மூடியதால் ரத்தானால் பல பாலிசிகள் தராது, பெருந்தொற்று இப்போது தெரிந்த ஆபத்து என்று சொல்லிவிடுவார்கள். எந்தக் காரணத்துக்கும் ரத்து செய்யலாம் என்ற கூடுதல் பாலிசி சில நாடுகளில் கிடைக்கிறது, அது வழக்கமாகச் செலவில் 50 முதல் 75 சதவீதம்தான் தரும், முதல் பணம் கட்டிய இரண்டு மூன்று வாரத்துக்குள் எடுக்க வேண்டும். விலை அதிகம். திரும்பாப் பணம் என் கோட்டுக்குள் இருந்தால் உங்களுக்கு அது தேவைப்படாது.

எதையும் புக் செய்வதற்கு முன் ஐந்து பாஸ்போர்ட்டையும் மேசையில் பரப்பிக் காலாவதித் தேதியைப் பாருங்கள். பல நாடுகள் ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும் என்று கேட்கும். பிள்ளைகளின் பாஸ்போர்ட்டுக்குப் பெரும்பாலும் ஆயுள் குறைவு, 2020 பயணத்துக்காக எடுத்து வைத்ததை அதற்கப்புறம் யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டீர்கள். விசா வரிசைகளும் இப்போது நீண்டு கிடக்கின்றன, பல தூதரகங்களில் நேர்காணல் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகிறது. நீங்கள் நினைக்கும் நாட்டுக்கு அந்தத் தேதி எப்போது கிடைக்கும் என்று இந்த வாரமே பார்த்துவிட்டு, அதன் பிறகு வவுச்சரைக் கையில் எடுங்கள்.