பீரோவில் பூத்த பூஞ்சை: கேமரா கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘எதை வாங்கலாம்?’ என்றுதான் முடிகின்றன. நான் கும்பகோணத்தில் ஸ்டூடியோ வைத்திருப்பவன், கேமரா விற்பவன் இல்லை. வாங்க வேண்டாம் என்று சொல்வதில் எனக்கு நஷ்டம் ஒன்றும் கிடையாது.

கே: என் கணவர் துபாயிலிருந்து கொண்டுவந்த கேமரா இரண்டு வருடமாகத் தோல் பையோடு பீரோவில் இருந்தது. மகளின் மஞ்சள் நீராட்டுக்கு எடுத்துப் பார்த்தால் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி இருக்கிறது. துடைத்தும் போகவில்லை. புது லென்ஸ் வாங்க வேண்டுமா?
– இல்லத்தரசி, நாகப்பட்டினம்

சிலந்தி வலை இல்லை அம்மா, பூஞ்சை. ஊறுகாய் ஜாடியில் பூப்பதற்குச் சொந்தக்காரன். கண்ணாடிக்கு உள்பக்கம் பூத்திருப்பதால் வெளியே எவ்வளவு துடைத்தாலும் போகாது. அதற்கு இருட்டு, அடைசல், ஈரம் மூன்றும் வேண்டும். கடலோர ஊரில் தோல் பையை பீரோவில் வைத்துப் பூட்டினால் மூன்றும் இலவசம். தோல் பார்க்க அழகு, ஆனால் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக லென்ஸுக்கு ஊட்டும்.

லென்ஸைக் கழற்றுங்கள். பின்பக்கம் மொபைல் டார்ச்சை அடித்து, முன்பக்கம் கொஞ்சம் சாய்வாகப் பாருங்கள். ஓரத்தில் ஒன்றிரண்டு இழை மட்டும் என்றால் விழாவை அதிலேயே எடுத்துவிடலாம், படத்தில் தெரியாது. நடுவில் படர்ந்திருந்தால், ஜன்னலுக்கோ விளக்குக்கோ எதிராக எடுக்கும்போது படம் பால் ஊற்றியதுபோல் வெளுக்கும். அப்போது சர்வீஸுக்குப் போக வேண்டும். விழா முடியட்டும் என்று மாதக்கணக்கில் தள்ளாதீர்கள். பூஞ்சை கசியவிடும் அமிலம் கண்ணாடியின் கோட்டிங்கை அரிக்கும். அரித்த தடம் கழுவினாலும் போகாது. ஒன்று, கேமராவோடு வந்த 18-55 லென்ஸ்தான் என்றால் முதலில் கூலியைக் கேளுங்கள். பல சமயம் அந்தக் காசுக்கு அதே லென்ஸ் செகண்ட் ஹேண்டில் கிடைத்துவிடும்.

வெயிலில் காயவைக்கச் சொல்வார்கள். வளர்ச்சி வேண்டுமானால் நிற்கலாம், வலை அங்கேயேதான் இருக்கும். பாச்சை உருண்டை போடச் சொல்வார்கள். அதை நானே போட்டுப் பார்த்திருக்கிறேன். தொண்ணூறுகளில் ஓர் ஐப்பசி, பையில் நான்கு உருண்டை. தை மாதம் திறந்தால் கண்ணாடி மேல் மெல்லிய புகை படிந்திருந்தது. அரிசிப் பானையும் வேண்டாம், மாவுத் தூசிதான் மிச்சம்.

வேண்டியது இறுக்கமாக மூடும் ஒரு பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். மீட்டர் சில நூறு ரூபாய்தான். 40 முதல் 50 சதவீதத்துக்குள் நின்றால் போதும். 30-க்குக் கீழே இறக்கினால் ரப்பரும் கிரீஸும் காயும். நீல நிற ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்து முடித்துவிட்டது என்று பொருள், மாற்றிவிடுங்கள். அப்புறம், வாரம் ஒரு முறை வெளியே எடுத்து மகளையோ பூனையையோ நாலு படம் எடுங்கள். புழங்குகிற கேமராவில் பூஞ்சை அவ்வளவாக வருவதில்லை.

கே: என் கணவர் மாநிறத்துக்கும் கீழே. வெள்ளை வேட்டி சட்டையில் எடுத்தால் முகம் கரிக்கட்டையாக விழுகிறது. ஃப்ளாஷ் வாங்கலாமா?
– ஆசிரியை, திண்டுக்கல்

அவர் நிறத்தில் குறையில்லை, கேமராவின் கணக்கில்தான் குறை. அது எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். படத்தில் முக்கால்வாசி வெள்ளை வேட்டி என்றால், ‘ஐயோ, வெளிச்சம் அதிகம்’ என்று மொத்தத்தையும் இருட்டாக்கும். முகமும் கூடவே போகும். கேமராவில் + – போட்ட ஒரு பட்டன் இருக்கும், அதில் +0.7 அல்லது +1 வையுங்கள். மொபைல் என்றால் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியப் படத்தை மேலே இழுங்கள். கருப்புக் கோட்டு என்றால் நேர்மாறாக மைனஸ். அழகுபடுத்தும் மோடு எதையும் போடாதீர்கள், அது அவரை வேறு யாரோ ஆக்கிவிடும். ஃப்ளாஷ் வேண்டாம். திண்ணையில், வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி உட்காரவையுங்கள்.

கே: விஸ்காம் படிக்கிறேன். அப்பா இருபதாயிரம் தருவதாகச் சொல்கிறார். செகண்ட் ஹேண்ட் டி.எஸ்.எல்.ஆர். வாங்கினால் ஏமாந்துவிடுவேனா?
– மாணவி, பாளையங்கோட்டை

வாங்கலாம் அம்மா, இப்போது நல்ல நேரம். பெரிய கம்பெனிகள் உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் பக்கம் போய்விட்டதால் பழைய டி.எஸ்.எல்.ஆர். விலை இறங்கிக் கிடக்கிறது. பாடம் படிக்க அதில் ஒரு குறையும் இல்லை.

பார்க்கப் போகும்போது மெமரி கார்டும் டார்ச்சும் கையோடு கொண்டுபோ. நிக்கான் என்றால் ஒரு படம் எடுத்து அந்த ஃபைலை வாங்கிக்கொள். எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று தெரியும். டி3500, டி5600 மாதிரியானவற்றுக்கு ஒரு லட்சம் முறை என்று கணக்கு. அது தாண்டினால் செத்துவிடும் என்று இல்லை, விலை பேச ஒரு பிடி. கேனனில் பெரும்பாலும் படத்துக்குள் இந்த எண் இருக்காது. அப்புறம் லென்ஸின் துளையை, அதாவது அப்பர்ச்சரை 16-ல் வைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடு. கரும்புள்ளிகள் தெரிந்தால் படம் பதியும் சென்சாரில் தூசி, அது கழுவினால் போகும். மூடியைப் போட்டுக்கொண்டு நான்கைந்து நொடி எக்ஸ்போஷர் கொடு. சிவப்பும் நீலமுமாகக் குத்துக் குத்தாகத் தெரிந்தால் கெட்ட பிக்சல். அடியில் உள்ள ஸ்க்ரூக்களின் தலையைப் பார். கீறியிருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள், ஏன் என்று கேள்.

ஒரு பொறி இருக்கிறது. நிக்கானின் டி3000, டி5000 வரிசை பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாக ஒரு 50 எம்எம் 1.8டி லென்ஸைத் தலையில் கட்டுவார்கள். பொருந்தும், படமும் விழும், ஆனால் ஆட்டோஃபோகஸ் ஓடாது. மோட்டார் லென்ஸிலேயே உள்ள ‘ஏஎஃப்-எஸ்’ என்று எழுதியதைக் கேட்டு வாங்கு. கேனனில் இந்தத் தொல்லை இல்லை. 1987-ல் லென்ஸ் மாட்டும் புது அமைப்பான இஎஃப் மவுன்ட் வந்தபோதே மோட்டாரை லென்ஸுக்குள் வைத்துவிட்டார்கள்.

இன்னொன்று, எல்லோரும் 50-ஐத்தான் சிபாரிசு செய்வார்கள். உன் கேமராவின் சின்ன சென்சாரில் அது 75 அல்லது 80 மாதிரி நடந்துகொள்ளும். உங்கள் வீட்டு ஹாலில் சுவரோடு ஒட்டி நின்றாலும் அப்பா, அம்மா, தம்பி மூவரும் ஒரே படத்தில் அடங்க மாட்டார்கள். நிக்கானில் 35, கேனனில் 24 என்று சின்னதாக, விலை குறைவாக லென்ஸ் இருக்கிறது. அதுகூட அடுத்த வருடம் போதும்.

கே: மொபைலில் நிலாவை எடுத்தால் வெள்ளைப் பொட்டாகவே வருகிறதே?
– வாசகர், ஓசூர்

நிலா வெயிலில் காயும் பாறை. வானம் இருட்டு என்பதால் கேமரா அதையும் இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. நிலாவைத் தொட்டு அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தை நன்றாகக் கீழே இழுங்கள். ஆனால் வெறும் நிலாவை எடுத்து என்ன செய்யப் போகிறீர்கள்? பௌர்ணமிக்கு முதல் நாள் மாலை போங்கள். சூரியன் மறையுமுன்பே நிலா கிழக்கே ஏறியிருக்கும். கோபுரத்திலும் வெளிச்சம் இருக்கும், நிலாவிலும் முகம் தெரியும்.

கே: கல்யாண வேலைக்குப் போகிறேன். புது மிரர்லெஸ். சில மண்டபங்களில் வீடியோவில் பட்டை பட்டையாக ஓடுகிறது, படத்திலும் குறுக்கே கோடு. கூறைப் புடவை சிவப்பு வெறும் வண்ணக் குழம்பாக இருக்கிறது. கேமரா கோளாறா?
– போட்டோகிராஃபர், தஞ்சாவூர்

கேமரா நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. நம் ஊர் கரண்ட் 50 சைக்கிள். அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். கண் அதைக் கவனிக்காது, கேமரா கவனிக்கும். ஷட்டரை நொடியில் 50-ல் ஒன்று அல்லது 100-ல் ஒன்று வைத்தால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் முழு மினுக்கலாகக் கிடைக்கும், பட்டை போய்விடும். மெனுவில் வீடியோ முறை என்டிஎஸ்சி (NTSC) என்று இருந்தால் பால் (PAL) என்று மாற்றி 25 ஃப்ரேமில் எடு. புதுப் பெட்டியைப் பிரித்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை அது.

படத்தில் கோடு வருவது சைலன்ட் ஷட்டரால். அய்யர் மந்திரம் சொல்லும்போது சத்தம் வேண்டாம் என்று போட்டிருப்பாய், நல்ல எண்ணம்தான். ஆனால் எலக்ட்ரானிக் ஷட்டர் பெரும்பாலான கேமராக்களில் படத்தை மேலிருந்து கீழே வரி வரியாகப் படிக்கும். அதற்குள் விளக்கு மினுக்கிவிடுகிறது. மெக்கானிக்கலுக்கு மாற்று. கெட்டிமேளம் கொட்டும்போது உன் ஷட்டர் சத்தம் யாருக்குக் கேட்கப்போகிறது? மேடைக்குப் பின்னால் எல்இடி சுவர் வைத்திருந்தால் இந்த 50, 100 கணக்கு அங்கே செல்லாது, ஒவ்வொன்றும் ஒரு வேகத்தில் மினுக்கும். முகூர்த்தத்துக்கு முன் ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்த்து, கோடு அடங்கும் இடத்தைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்.

சிவப்புக்கு வருவோம். மஞ்சள் விளக்கில் பட்டுச் சிவப்பின் மேல் விழுவது பெரும்பாலும் சிவப்பு வெளிச்சமே. பச்சையும் நீலமும் அளவோடு இருக்க, சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்துவிடும். வழிந்த இடத்தில் ஜரிகைப் பூவும் இருக்காது, மடிப்பும் இருக்காது. வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமை மூன்று நிறமாகப் பிரித்துக் காட்டும் வசதி உன் கேமராவில் இருக்கும். சிவப்பு வலது ஓரத்தில் முட்டினால் எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் குறை. ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதே. கேமரா சுருக்காத மூலப் பதிவான ரா ஃபைலில் எடு. புடவைக்கு ஐம்பதாயிரம் கொடுத்தவர்கள் ஆல்பத்தில் முதலில் தேடுவது அந்த ஜரிகையைத்தான், உன் மங்கலாக்கிய போக்கே பின்னணியை இல்லை.

ரிசப்ஷனில் லேசர் விளக்கு சுற்றினால் லென்ஸை அந்தப் பக்கம் திருப்பாதே. நேராக ஒரு முறை விழுந்தாலே சென்சாரில் நிரந்தரமாகக் கோடு விழக்கூடும். டி.ஜே.யிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள், கூச்சப்படாதே.

கே: குழந்தை கார்டில் உள்ள படங்களை எல்லாம் அழித்துவிட்டாள். திரும்பக் கிடைக்குமா?
– வாசகி, ஈரோடு

பெரும்பாலும் கிடைக்கும். அழிப்பது என்பது, வீடு அப்படியே இருக்க வாசல் பலகையை மட்டும் கழற்றுவது. அதன் மேல் புதுப் படம் எடுத்தால்தான் வீடே இடிகிறது. அதனால் கார்டை உடனே வெளியே எடுத்து வையுங்கள். கம்ப்யூட்டரில் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்காதீர்கள், கம்ப்யூட்டரில் சேமியுங்கள். குழந்தையைத் திட்டாதீர்கள்.

கே: குரூப் போட்டோவில் யாராவது ஒருவர் கண்ணை மூடிவிடுகிறார்.
– வாசகர், சேலம்

எல்லோரையும் முதலில் கண்ணை மூடச் சொல்லுங்கள். மூன்று எண்ணித் திறக்கச் சொல்லி, திறந்த அரை நொடியில் அடியுங்கள். தாத்தாவுக்குக் காது கேட்காது என்றால் பக்கத்தில் இருப்பவர் கையை அழுத்தட்டும்.

கே: 1950-களில் எடுத்த என் தகப்பனாரின் படம், ஒன்றுதான் இருக்கிறது. கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பிரேம் கடைக்காரர் தண்ணீரில் ஊறவைத்து எடுத்துவிடலாம் என்கிறார். செய்யலாமா?
– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், காரைக்குடி

வேண்டாம் ஐயா. அந்தப் படத்தைப் பிரேம் கடைக்காரரிடம் இருந்து முதலில் வாங்கி வந்துவிடுங்கள்.

அந்தக் காலத்துப் படத்தில் உருவம் இருப்பது தாளில் இல்லை, தாள் மேல் பூசிய ஜெலட்டின் படலத்தில். ஈரத்தில் அது இளகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு வரும். ஊறவைத்துக் காப்பாற்றியவர்களும் உண்டு, ஆனால் ஒரே படத்தில் சூதாடக் கூடாது. அதோடு அந்தக் காலத்தில் கருப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் தீட்டுவது வழக்கம். என் அப்பா ஸ்டூடியோவில் உதட்டுக்கும் கழுத்துச் சங்கிலிக்கும் மட்டும் பஞ்சில் தொட்டு வைப்பார். உங்கள் படத்திலும் அப்படி இருந்தால், தண்ணீர் பட்டதும் நிறம் ஓடிவிடக்கூடும்.

கண்ணாடியோடு சேர்த்தே படம் எடுங்கள். மேலே பிழிந்த துணியால் துடையுங்கள், ஸ்ப்ரே அடித்தால் ஓரத்தில் உள்ளே இறங்கும். முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில், நேர்வெயில் படாத இடமாகப் பார்த்து, பிரேமைச் சுவரில் நேராகச் சாய்த்து வையுங்கள். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும், முன்னாலிருந்து வேண்டாம். கேமராவை ஸ்டாண்டிலோ அடுக்கிய புத்தகங்களின் மேலோ வைத்து, லென்ஸின் பிம்பம் கண்ணாடியின் நட்டநடுவில் தெரியும்வரை நகர்த்துங்கள். அப்படித் தெரிந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று நேர், தகப்பனாரின் முகம் கோணாது. இப்போது ஒரு கருப்புப் போர்வையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு முன்னால் தொங்கவிடுங்கள். கண்ணாடிக்குப் பிரதிபலிக்க இருட்டைத் தவிர ஒன்றும் இருக்காது. மொபைல் என்றால் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள், கிட்டே போனால் படத்தின் ஓரம் வளையலாம். இரண்டு நொடி டைமர் வையுங்கள்.

உங்கள் பேரன் அதை ஏஐ ஆப்பில் போட்டுத் தெளிவாக்கித் தருவதாகச் சொல்வான். ஒரு பிரதியில் விளையாடட்டும். அந்த ஆப் உங்கள் தகப்பனாரைப் பார்த்ததில்லை. தெரியாத இடத்தில் அதற்குத் தெரிந்த கண்ணையும் பல்லையும் வரைந்துவிடும். கீறலை மட்டும் எடுக்கத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள். லேபுக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள், சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள்.

புதுப் பிரின்ட்டைப் பிரேம் போடும்போது சுற்றிலும் மவுன்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள், படம் கண்ணாடியைத் தொடாமல் இருக்கும். பிரேமின் பின்பக்கம் கீழ் மூலைகளில் கார்க் துண்டு இரண்டு ஒட்டி, சுவருக்கும் அதற்கும் காற்றுப் போக இடம் விடுங்கள். பழைய படம் மாட்டியிருந்த சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை போய்ப் பாருங்கள். குளியலறையாக இருந்தால் ஆணியை இடம் மாற்றுங்கள்.