சாப்பிடத் தொடங்கியதும் தண்ணீர் குறைந்துவிட்டது

கேள்வி: எனக்கு வயது 41. கரூர் அருகே அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். ஏழு வாரங்களுக்கு முன்பு எடைக் குறைப்புக்காக ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். திரவ உணவு மட்டும் எடுத்துக்கொண்ட வாரங்களில் எந்தத் தொல்லையும் இல்லை. இட்லி, முட்டை, குழைந்த பருப்பு என்று சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் தலை கிறுகிறுக்கிறது, சிறுநீர் அடர்மஞ்சளாகப் போகிறது, மலச்சிக்கலும் சேர்ந்துகொண்டது. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காதே, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். தண்ணீர் இல்லாமல் சாப்பிட்டால் விக்கும் என்கிறார் மாமியார். குடிக்கப் போனால் நெஞ்சில் அடைக்கிறது. தாகமும் எடுப்பதில்லை. இரத்த அழுத்த மாத்திரை பழையபடியே தொடர்கிறது. ஜூனில் பள்ளிக்குத் திரும்ப வேண்டும். நான் எப்போதுதான் தண்ணீர் குடிப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, முதலில் ஒரு வேலை. இந்த இதழ் கைக்குக் கிடைத்த அன்றே உங்களுக்கு அறுவை செய்த மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசுங்கள். தலைசுற்றலையும் சிறுநீரின் நிறத்தையும் சொல்லிவிட்டு, இரத்த அழுத்த மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேளுங்கள். எடை குறையும்போது இரத்த அழுத்தமும் இறங்கும். பழைய எடைக்கு எழுதித் தந்த மாத்திரை புதிய உடலுக்கு அதிகமாகிவிடலாம். மாத்திரை அட்டையைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். டெல்மிசார்டன் போன்ற மருந்தோடு ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்த கூட்டு மாத்திரைகள் நம் ஊரில் பரவலாகக் கொடுக்கப்படுகின்றன. இந்த இரண்டாவது மருந்து சிறுநீரை அதிகம் பிரியவைத்து உடலின் நீரை வெளியேற்றும். குடிப்பதே குறைந்துபோன ஒருவருக்கு அது இரட்டைச் சுமை. ஆனால் நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள், மருத்துவர் சொல்லட்டும். உங்களைப் போலவே அறுவை செய்துகொண்டு, சர்க்கரை நோய்க்கு இதேபோல் நீரை வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களும் இதே கேள்வியைத் தங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

திரவ உணவு நாட்களில் நன்றாக இருந்தவர் சாப்பிடத் தொடங்கியதும் வாடிப்போவது மிகவும் வழக்கமான ஒன்று. எடைக் குறைப்பு அறுவைக்குப் பிறகு மறுபடியும் மருத்துவமனைக்கு வர நேர்வதற்கு நீரிழப்பு முக்கியமான காரணங்களுள் ஒன்று. நீங்கள் எதையும் தவறாகச் செய்துவிடவில்லை. அந்த வாரங்களில் கஞ்சியும் மோரும் புரதப் பானமும் உணவாகவும் இருந்தன, நீராகவும் இருந்தன. இப்போது உணவு கெட்டியானதும் இரண்டும் பிரிந்துவிட்டன. ஸ்லீவ் அறுவையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் அளவுள்ள ஒரு குழாய். அதில் ஒரு இட்லியும் கொஞ்சம் பருப்பும் இருக்கும்போது தண்ணீருக்கு இடம் ஏது?

இன்னொன்றையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அறுவைக்கு முன்பு நீங்கள் சாப்பிட்ட மதியச் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள். சாம்பார், ரசம், மோர் என்று மூன்று முறை சோற்றைக் குழைத்துச் சாப்பிடுகிறவர்கள் நாம். வெந்த சோற்றிலேயே ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர்தான். குடிக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் ஒரு வேளைச் சாப்பாட்டில் நிறைய நீர் உள்ளே போய்க்கொண்டிருந்தது. இப்போது அது நான்கைந்து கரண்டியாகச் சுருங்கிவிட்டது. இதற்கு மேல், எடை வேகமாகக் குறையும் முதல் வாரங்களில் உடல் தன் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பைச் செலவழிக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்துவைத்திருக்கும். சேமிப்பு கரையும்போது அந்த நீரும் சிறுநீராகப் போய்விடும். எடைபார்க்கும் கருவியில் எண் சரசரவென்று இறங்குவதில் ஒரு பங்கு இந்த நீர்தான். ஆகவே நீங்கள் ஒழுங்காகத் தண்ணீர் குடிக்கத் தொடங்கியதும் எடை அரை கிலோ ஏறினால் பதறிப்போய்க் குடிப்பதை நிறுத்திவிடாதீர்கள். ஏறியது கொழுப்பு அல்ல.

தாகம் எடுப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அறுவைக்குப் பிறகு பலருக்குப் பசியும் தாகமும் மங்கிப்போகின்றன. அதனால் சில மாதங்களுக்குத் தாகத்தை நம்பி இருக்க முடியாது. மாத்திரைக்கு நேரம் வைப்பதுபோல் தண்ணீருக்கும் நேரம் வைக்க வேண்டும். நாளுக்குப் புரதம் 60 கிராம் சேரவில்லையே என்று கவலைப்படும் பலரைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் ஒரு நாள் புரதம் குறைந்தால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம், தண்ணீர் குறைந்தால் மறுநாள் எழுந்து நிற்கவே முடியாது. இந்த வாரம் தண்ணீருக்குத்தான் முதலிடம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 1.5 லிட்டர் என்பது குறைந்தபட்ச இலக்கு. கத்திரி வெயில் கொளுத்தும் இந்த நாட்களில் கரூரில் இருப்பவருக்கு 2 லிட்டர் வரை போவது நல்லது. நீங்கள் 16 மணி நேரம் விழித்திருக்கிறீர்கள். மூன்று வேளைச் சாப்பாடு, அதற்குப் பின்னால் காத்திருக்கும் நேரம் எல்லாம் சேர்ந்து நான்கு மணி நேரம் போகட்டும். மீதி 12 மணி நேரம். மணிக்கு 125 மில்லி குடித்தால் 1.5 லிட்டர் வந்துவிடும். ஒரு சிறு மடக்கு 15 மில்லி என்று வைத்துக்கொண்டால் ஏழு நிமிடத்துக்கு ஒரு மடக்கு, அவ்வளவுதான். உங்கள் இரைப்பையால் முடியாத அளவு அல்ல இது. விட்டுப்போன தண்ணீரை மாலையில் ஒரே மூச்சில் ஈடுகட்டுவதுதான் முடியாத காரியம். காலையில் எழுந்ததிலிருந்தே தொடங்குங்கள். எழுந்தவுடன் முதல் உணவுக்கு முன்பு கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்தை வீட்டு வேலையில் தொலைத்துவிட்டால் அந்த நாள் முழுவதும் பின்தங்கியே ஓடும்.

அரை மணி நேரக் காத்திருப்பை விடாமல் பின்பற்றுங்கள். சாப்பாட்டின் மேல் தண்ணீரை ஊற்றினால் வயிறு பிதுங்கி வலிக்கும், வாந்தி வரும். உணவு சீக்கிரம் இறங்கிவிட்டால் மறுபடி பசிக்கவும் செய்யும். ஆனால் சாப்பாட்டுக்கு முந்தைய நேரத்துக்கு அத்தனை கெடுபிடி தேவையில்லை. தண்ணீர் இந்தக் குழாயில் தங்காமல் விரைவாக இறங்கிவிடும். கால் மணி நேரம் முன்புவரை குடிப்பதில் பெரும்பாலோருக்குச் சிரமம் வருவதில்லை. உங்கள் மருத்துவமனையில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதைக் கேட்டு உறுதி செய்துகொண்டு, இந்த நேரத்தையும் பயன்படுத்துங்கள்.

மாமியார் சொல்வதில் இருக்கும் அக்கறையைத் தள்ளிவிட வேண்டாம். வறண்ட உணவு விக்கத்தான் செய்யும். அதற்குத் தண்ணீர் தேவையில்லை, உணவை ஈரப்பதத்தோடு செய்துவிடலாம். இட்லியைத் தெளிவான சாம்பாரில் ஊறவைத்துப் பிசைந்து சாப்பிடலாம், பருப்பை இன்னும் நெகிழ வேகவைக்கலாம், முட்டையை வறுக்காமல் தயிரோடு மசிக்கலாம். அத்தையிடம், "இனிமேல் எனக்கு உணவைத் தளரச் செய்து கொடுங்கள், தண்ணீரை நான் தனியாகக் குடித்துக்கொள்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். சமையல் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிட்டால் அவருடைய பயமும் குறையும்.

நெஞ்சில் அடைப்பதற்கு நீங்கள் குடிக்கும் விதம் காரணமாக இருக்கலாம். நம்மில் பலர் வாய் வைக்காமல் அண்ணாந்து குடித்தே பழகியவர்கள். அப்படி ஊற்றும்போது பெரிய மடக்கும் அதோடு காற்றும் சேர்ந்து இறங்கும். பழைய வயிறு அதைத் தாங்கியது, இந்தக் குழாய் தாங்காது. உங்களுக்கென்று ஒரு டம்ளரையோ பாட்டிலையோ ஒதுக்கிவைத்து, வாய் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து குடியுங்கள். குளிர்ந்த நீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வெதுவெதுப்பான நீர் பெரும்பாலும் எளிதாக இறங்கும். இத்தனையும் செய்த பிறகும் தண்ணீரே இறங்க மறுத்தாலோ, முன்பு இறங்கிய உணவு இப்போது வாந்தியாக வந்தாலோ பொறுத்திருக்க வேண்டாம். ஸ்லீவ் குழாயில் குறுகல் ஏற்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. அதை உள்நோக்கிக் கருவி (எண்டோஸ்கோப்) மூலம் கண்டறிந்து சரிசெய்ய முடியும்.

வெறும் தண்ணீர் கசக்கிறது, உலோகச் சுவை அடிக்கிறது என்று சொல்பவர்களும் உண்டு. சீரகத் தண்ணீர், வடிகட்டிய நீர்மோர், காரமும் புளியும் குறைத்த தெளிவு ரசம், சர்க்கரை சேர்க்காத எலுமிச்சைச் சாறு எல்லாமே உங்கள் கணக்கில் சேரும். புரதப் பானமும் சேரும். இளநீர் நல்லதுதான், பாதி டம்ளரை மெதுவாகக் குடிக்கலாம். ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி. டெல்மிசார்டன் வகை மாத்திரையும் இரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது. இரண்டும் சேரும்போது எவ்வளவு குடிக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அனுமதி இல்லாமல் தொட வேண்டாம். பானகம், பதநீர், நன்னாரி சர்பத், கரும்புச்சாறு ஆகியவற்றைத் தள்ளிவையுங்கள். அவற்றின் சர்க்கரை குடலுக்குள் வேகமாக இறங்கிப் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கை உண்டாக்கலாம். எடைக் குறைப்புக்காக இரைப்பை பைபாஸ் அறுவை செய்தவர்களுக்கு இது இன்னும் அதிகம். வயிற்றுப்போக்கு வந்தால் இருக்கும் நீரும் போய்விடும். பன்னீர் சோடா உட்பட வாயு நிரப்பிய எதுவும் வேண்டாம். காபியை மருத்துவமனை அனுமதித்திருந்தால் ஒரு சிறு டம்ளரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நீரிழப்புக்கு மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். வாங்கச் சொன்னால் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு என்று உறையில் அச்சிட்ட தூளையே வாங்குங்கள். ஒரு லிட்டருக்கான உறையை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். அந்தக் கரைசலின் ஒரு லிட்டரில் குளுக்கோஸ் 13.5 கிராம் மட்டுமே. அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் பல நாள் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைத் தாங்கி விற்கப்பட்டன. 2025 அக்டோபரில்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அதற்குத் தடை போட்டது. இரத்த அழுத்தம் உள்ளவர் நீங்கள், அதனால் அசல் ஓ.ஆர்.எஸ். தூளையும் தினசரிப் பானமாக ஆக்கிக்கொள்ள வேண்டாம், உப்பு சேரும்.

மலச்சிக்கலுக்குத் தண்ணீர் சேர்ந்தாலே பாதி நிவாரணம் கிடைக்கும். இரும்புச்சத்து மாத்திரையும் காரணமாக இருக்கலாம். அக்கம்பக்கத்தார் சொன்னார்கள் என்று இசப்கோல் தூளை மட்டும் எடுத்துவிடாதீர்கள். போதிய தண்ணீர் இல்லாத குறுகிய குழாயில் அது களியாகி அடைத்துக்கொள்ளும். தலைவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும் வேண்டாம். நீர் வற்றிய நிலையில் அவை சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

சிறுநீரின் நிறத்தைப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் வைட்டமின் மாத்திரை விழுங்கிய சில மணி நேரத்துக்கு அது பளீர் மஞ்சளாகத்தான் இருக்கும், அது ரிபோஃப்ளேவின் என்ற பி2 வைட்டமினின் நிறம். அந்த நேரத்தில் நிறத்தை விட்டுவிட்டு, எத்தனை முறை போகிறீர்கள் என்று பாருங்கள். எட்டு மணி நேரமாகச் சிறுநீரே வரவில்லை, எழுந்து நின்றால் மயக்கம் வருகிறது, குடித்ததெல்லாம் வாந்தியாகிறது, ஓய்வில் இருக்கும்போதே நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டுகிறது, காய்ச்சலோ தொடர்ந்த வயிற்றுவலியோ தோள்வலியோ இருக்கிறது என்றால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். நீர் வற்றினால் இரத்தம் உறைந்து வயிற்றுச் சிரைகளை அடைக்கும் ஆபத்தும் இந்த அறுவைக்குப் பிறகு உண்டு.

வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஒரு செய்தியைச் சொல்லிவையுங்கள். சில நாட்கள் தொடர்ந்து வாந்தி எடுத்தால் உடலில் தயமின் என்ற பி1 வைட்டமின் தீர்ந்துபோகும், அதன் இருப்பு சில வாரங்களுக்குத்தான் வரும். அந்த நிலையில் தெருமுனை மருத்துவமனையில் வெறும் குளுக்கோஸ் பாட்டிலை ஏற்றினால் மூளையைப் பாதிக்கும் ஆபத்து இருக்கிறது. "எடைக் குறைப்பு அறுவை செய்தவர், வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறார், தயமின் கொடுத்த பிறகு குளுக்கோஸ் ஏற்றுங்கள்" என்று உடன் வருபவர் வாய்திறந்து சொல்ல வேண்டும். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சில் குழப்பம் ஆகியவை அந்த மூளைப் பாதிப்பின் அறிகுறிகள். உங்கள் கைப்பையில் அறுவையின் பெயரும் தேதியும் மருத்துவமனை எண்ணும் எழுதிய ஒரு சீட்டு எப்போதும் இருக்கட்டும்.

இனி பள்ளிக்கூடம். நீங்கள் எழுதாத ஒன்றை நான் கேட்கிறேன்: பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பழக்கம் உங்களுக்கு உண்டா? நம் ஆசிரியைகளில் எத்தனையோ பேருக்கு உண்டு. வகுப்பை விட்டு நகர முடியாது, கழிப்பறையில் தண்ணீர் வராது, தாழ்ப்பாள் இருக்காது. இத்தனை காலம் அந்தக் கொடுமையை உடம்பு பொறுத்துக்கொண்டது. இனிமேல் பொறுக்காது, பொறுக்கவும் கூடாது. பள்ளி திறக்கும் முன்பே தலைமையாசிரியரைப் பாருங்கள். என்ன அறுவை என்று சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. வயிற்றில் அறுவை செய்திருக்கிறேன், வகுப்பில் அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும், இடையில் வெளியே போகவும் வேண்டியிருக்கும் என்று மருத்துவரின் கடிதத்தோடு சொன்னால் போதும். இரண்டு பாடவேளைக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் உங்கள் வகுப்பைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வகுப்பு ஆசிரியை ஒருவரிடம் இப்போதே பேசிவையுங்கள். அரை லிட்டர் பாட்டில் ஒன்றை மேசைமேல் கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். ஒரு பாடவேளைக்கு ஆறு மடக்கு. மதிய மணி அடிப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு கடைசி மடக்கு. சாப்பிட்டு முடித்தபின் அடுத்த மடக்கு பெரும்பாலும் பிற்பகல் முதல் வகுப்பின் நடுவில்தான் வரும். பாடம் நடத்தும் வேகத்தில் அந்த ஒன்றுதான் மறந்துபோகும். அதற்கு மட்டும் கைப்பேசியில் அதிர்வு வைத்துக்கொள்ளுங்கள்.