கடற்பயண வரலாற்றில் உங்களை அதிகம் யோசிக்க வைத்த மருத்துவக் கண்டுபிடிப்பு எது?

இந்தக் கேள்விக்குப் பலரும் எலுமிச்சம்பழத்தைத்தான் சொல்வார்கள். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர், சாலிஸ்பரி என்ற கப்பலில் ஸ்கர்வி (வைட்டமின் சி இல்லாமல் வரும் நோய்) வந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு வைத்தியம் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர் மளமளவென்று தேறினார்கள். அருமையான வரலாறு. ஆனாலும் என்னைப் பிடித்துக்கொண்டு இன்னும் விடாமல் இருப்பது பெரிபெரி என்ற நோய்க்குக் காரணம் கண்டுபிடித்த கதை. அதில் கப்பல் இருக்கிறது, சோறு இருக்கிறது, நம் வீட்டுப் புழுங்கல் அரிசியும் இருக்கிறது.

நான் மருத்துவம் படித்தவன் இல்லை. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன். துறைமுகத்தை நம்பி நடக்கும் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசில் வேலை. கப்பல் சம்பந்தப்பட்ட எது கிடைத்தாலும் படிப்பேன். உடம்பைப் பற்றியும் படிக்க ஆரம்பித்ததற்குக் காரணம், எங்கள் தெருவில் லோடு தூக்கும் ஒரு அண்ணன். குடி அதிகம். வாரக்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல் இருந்தவர், ஒரு கட்டத்தில் குடிக்காத நேரத்திலும் தள்ளாட ஆரம்பித்தார். கண் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கேட்டால் சம்பந்தமில்லாமல் பேசினார். போதை இன்னும் இறங்கவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அவசரப் பிரிவில் இருந்த டாக்டரம்மா குளுக்கோஸ் பாட்டிலை மாட்டும் முன்பு ஒரு ஊசி போடச் சொன்னார். “அது என்னம்மா?” என்று கேட்டேன். வைட்டமின் பி1 என்றார். கூட்டத்துக்கு நடுவிலும் பொறுமையாக விளக்கினார்: உடம்பு சர்க்கரையைச் சக்தியாக மாற்ற இந்த வைட்டமின் வேண்டும். அது வற்றிப்போன உடம்பில் முதலில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சம் மீதி இருப்பதும் தீர்ந்து மூளை இன்னும் கெடும். அண்ணனுக்குச் சில நாளில் கண் சரியானது. நடை தேற மாதங்கள் ஆயின.

அந்த பி1தான் தையமின். அது இல்லாமல் போனால் வருவது பெரிபெரி. சிலருக்குக் கால் மரத்து, பலமிழந்து, நடக்க முடியாமல் போகும். சிலருக்கு உடம்பு வீங்கி, இதயம் தளர்ந்து, உயிரே போய்விடும். சோற்றை விறகு என்று வைத்துக்கொண்டால், அதைப் பற்ற வைக்கிற நெருப்பு தையமின். விறகைக் கூட்டக் கூட்ட நெருப்பும் அதிகம் வேண்டும். அதனால்தான் வெறும் சோற்றையே மலையாகச் சாப்பிடுகிறவருக்கு ஆபத்து. நம் உடம்பில் இதன் கையிருப்பு மொத்தமே சுமார் 30 மில்லிகிராம். சாப்பாட்டில் வராவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் தட்டுப்பாடு ஆரம்பித்துவிடும். மாதக்கணக்கில் கடலில் கிடக்கும் ஒரு கப்பலை இப்போது நினைத்துப் பாருங்கள்.

1880களின் தொடக்கத்தில் ஜப்பானியக் கடற்படையில் ஆண்டுதோறும் சராசரியாகச் சுமார் மூன்றில் ஒருவர் பெரிபெரியால் படுத்தார்கள். தகாகி கனேஹிரோ என்ற கடற்படை மருத்துவர், லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் படித்துவிட்டு 1880இல் ஊர் திரும்பியவர். பிரிட்டிஷ் கடற்படையில் இந்த நோயே இல்லை என்பதை அங்கே பார்த்திருந்தார். தன் நாட்டுக் கப்பல்களுக்குள்ளும் ஒரு வேறுபாட்டைக் கவனித்தார். அதிகாரிகளுக்கு நோய் குறைவு, சாதாரண மாலுமிகளுக்கு அதிகம். மாலுமிகளுக்குச் சாப்பாட்டுக்கென்று காசாகக் கொடுத்தார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகள் அதில் மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வெள்ளை அரிசிச் சோற்றை மட்டும் தின்றார்கள். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். குடும்பத்துக்குக் காசு சேர்த்தவனுக்குத்தான் கால் முடங்கியிருக்கிறது.

1882 டிசம்பரில் ரியூஜோ என்ற பயிற்சிக் கப்பல் நியூசிலாந்து, தென் அமெரிக்கா வழியாக ஒரு நீண்ட பயணம் கிளம்பியது. 376 பேரில் 169 பேருக்குப் பெரிபெரி வந்தது. 25 பேர் இறந்தார்கள். தகாகி அரசிடம் போராடி 1884இல் சுகுபா என்ற இன்னொரு கப்பலை அதே வழியில் அனுப்ப வைத்தார். மாற்றியது சாப்பாட்டை மட்டும்: இறைச்சி, பால், ரொட்டி, காய்கறி சேர்த்து அரிசியைக் குறைத்தார். அந்தப் பயணத்தில் நோய் கண்டவர்கள் இருபது பேர்கூட இல்லை. ஒருவரும் சாகவில்லை. நோய் வந்தவர்களிலும் பலர் புதுச் சாப்பாடு பிடிக்காமல் ஒதுக்கியவர்கள்.

கடல் இதற்கு ஏற்ற களமாக அமைந்ததை நான் அடிக்கடி யோசிப்பேன். ஊருக்குள் ஒருவர் என்ன தின்கிறார், எங்கே தூங்குகிறார், யாரோடு பழகுகிறார் என்று பின்தொடரவே முடியாது. கப்பலில் எல்லோருக்கும் ஒரே காற்று, ஒரே தண்ணீர், யார் என்ன தின்கிறார்கள் என்பதும் தெரியும். ஒன்றை மட்டும் மாற்றினால் அதன் பலன் அப்படியே தெரிந்துவிடும். லிண்ட் செய்ததும் அதுதான், தகாகி செய்ததும் அதுதான்.

இவ்வளவு செய்த தகாகி சொன்ன காரணம் தவறு. சாப்பாட்டில் புரதம் போதாததுதான் நோய்க்குக் காரணம் என்று அவர் கடைசிவரை நம்பினார். வைட்டமின் என்ற ஒன்று உண்டு என்றே உலகத்துக்கு அப்போது தெரியாது. அவருடைய விளக்கத்தில் ஓட்டை இருக்கிறது, இது ஏதோ கிருமியால் வருவது என்று ஜப்பானிய ராணுவ மருத்துவர்கள் வாதிட்டார்கள். பெரிய எழுத்தாளராகவும் அறியப்பட்ட மோரி ஓகாய் அந்தப் பக்கம் நின்றவர்களில் ஒருவர். கடற்படை பார்லியைக் கலந்து சாப்பிட்டு நோயை ஒழித்துக்கொண்டிருந்தபோது, ராணுவம் வெள்ளை அரிசியையே போட்டது. 1904-05இல் ரஷ்யாவோடு நடந்த போரில் ஜப்பானிய ராணுவ வீரர்கள் சுமார் 27,000 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். விளக்கம் சரியில்லை என்று ராணுவ மருத்துவர்கள் சொன்னதில் தவறே இல்லை. ஆனால் கண் முன்னால் ஒரு கப்பல் நிறைய ஆட்கள் உயிரோடு திரும்பி வந்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டுச் சோற்றை மாற்றியிருக்கலாம், காரணத்தைப் பிறகு தேடியிருக்கலாம்.

இனி நம் ஆட்கள் வருகிறார்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் ரயில் பாதைகளுக்கும் தமிழர்கள் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல் ஏறிப் போன காலம். (பிற்காலத்தில் 1926 முதல் 1970களின் தொடக்கம்வரை இந்தத் தடத்தில் ஓடிய ராஜூலா கப்பலை இங்கே பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள்.) அங்கே ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்கள் பெரிபெரியால் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். அதே வெயில், அதே மழை, அதே கடினமான வேலை. தமிழர்களுக்கு மட்டும் நோய் அரிதாகவே வந்தது. லியோனார்ட் பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்துத் தேடியபோது கிடைத்த வித்தியாசம் அரிசி. சீனர்கள் தின்றது தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் தின்றது புழுங்கல் அரிசி. அரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்பது பிராடனின் முடிவு. அவர் காரணமும் தவறுதான், கவனிப்பு மட்டும் சரி.

அதன் பிறகு 1905இல் வில்லியம் பிளெட்சர் என்பவர் கோலாலம்பூர் மனநல விடுதியில் ஒரு சோதனை நடத்தினார். நோயாளிகளில் ஒரு பாதிக்குப் பச்சரிசி, மறு பாதிக்குப் புழுங்கல். பச்சரிசி தின்றவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் பக்கத்தில் ஒருவரும் இறக்கவில்லை. உலகத்துக்கு அதனால் பெரிய பலன் கிடைத்தது உண்மை. ஆனாலும் சம்மதமோ மறுப்போ சொல்ல முடியாதவர்களை வைத்துச் செய்த சோதனை அது. அந்த 18 பேரையும் சேர்த்துத்தான் இந்தக் கண்டுபிடிப்பை நினைக்க வேண்டும்.

புழுங்கலில் அப்படி என்ன இருக்கிறது? தையமின் அரிசியின் மேல் தோலான தவிட்டில்தான் அதிகம். தீட்டினால் தவிட்டோடு போய்விடும். நெல்லை ஊறவைத்து வேகவைக்கும்போது, தவிட்டில் இருக்கிற தையமினில் ஒரு பங்கு தண்ணீரோடு சேர்ந்து அரிசிக்குள் இறங்குகிறது. மாவுச்சத்து இறுகி அதைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. பிறகு தீட்டினாலும், கழுவினாலும், பச்சரிசியில் போகிற அளவுக்குப் போவதில்லை.

நம் முன்னோர் வைட்டமினைத் தெரிந்துதான் நெல்லை அவித்தார்கள் என்று வாட்ஸப்பில் வரும். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவித்த நெல்லில் உமி சுலபமாகக் கழலும், அரிசி நொறுங்காது, அதிக நாள் கெடாமல் இருக்கும். நெல் அவிக்கும் புகையிலும் ஆவியிலும் நின்ற பெண்களுக்குத் தெரிந்த காரணங்கள் இவை, இவையே போதுமானவை. இல்லாத அறிவியலை அவர்கள் தலையில் ஏற்றினால், அவர்களிடம் உண்மையில் இருந்த திறமை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. பழைய மதராஸ் மாகாணத்திலேயே இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆந்திரக் கடற்கரையின் வடசர்க்கார் மாவட்டங்களில் தீட்டிய பச்சரிசி வழக்கம். அங்கே பெரிபெரி நிலையாகத் தங்கியிருந்தது. ஜான் மால்கம்சன் என்ற மருத்துவர் 1835இலேயே சென்னையில் பெரிபெரி பற்றித் தனி நூல் வெளியிட்டிருக்கிறார்.

கடைசியில் அந்தப் பொருளைச் செயற்கையாகச் செய்து காட்டியவர் பிறந்த ஊரைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கொருக்குப்பேட்டையில் வடக்கே பார்க்கப் போகும் தண்டவாளம் கும்மிடிப்பூண்டி தாண்டி எங்கே போகிறதோ அந்த நெல்லூர். ராபர்ட் ரன்னல்ஸ் வில்லியம்ஸ், 1886இல் அமெரிக்கப் பாதிரியார் குடும்பத்தில் அங்கே பிறந்தவர். 1910இல் மணிலாவில் எட்வர்ட் வெடர் என்ற ராணுவ மருத்துவர் தவிட்டுச் சாற்றை அவர் கையில் கொடுத்து, இதில் குணப்படுத்துவது எது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். ஒரு டன் தவிட்டிலிருந்து சில கிராம்தான் கிடைக்கும். அமெரிக்கா திரும்பி, தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வகத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே, மிச்ச நேரத்தையெல்லாம் இதில் போட்டார். 1936இல் தையமினின் அமைப்பைக் கண்டுபிடித்து உருவாக்கியும் காட்டினார். (ஜாவாவில் யான்சன், டொனாத் இருவரும் அதை 1926இல் தூய படிகமாகப் பிரித்திருந்தார்கள். அதே ஜாவாவில் கோழிகளுக்கு வெள்ளைச் சோறு போட்டு நோயைக் காட்டிய எய்க்மனுக்கு 1929இல் நோபல் கிடைத்தது.) காப்புரிமையில் வந்த பணத்தில் பெரும் பங்கை ஊட்டக் குறைபாட்டு நோய்களை ஒழிக்கும் பணிக்கே வில்லியம்ஸ் ஒதுக்கினார். 1940களின் கடைசியில் பிலிப்பைன்ஸின் பட்டான் மாகாணத்தில் வைட்டமின் சேர்த்த அரிசியைக் கொடுத்துப் பார்த்தபோது பெரிபெரிச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன.

இதையெல்லாம் படித்த பிறகு எங்கள் பக்கத்து ரேஷன் கடை வரிசையை நான் வேறு கண்ணோடு பார்க்கிறேன். அங்கே கொடுத்துவந்த செறிவூட்டிய அரிசியில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த மணிகள் கலந்திருந்தன. மற்ற மணிகளிலிருந்து கொஞ்சம் வேறாகத் தெரிந்ததால், ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று அதைப் பொறுக்கிப் போட்ட அக்காமார்கள் உண்டு. அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. யாரும் வந்து விளக்கியதில்லை. நான் நின்று சொல்லிவிட்டுத்தான் வருவேன். அது அரிசி மாவில் செய்தது, தூக்கிப் போடாதீர்கள். அரிசியை நாலைந்து தண்ணீர் விட்டு அலசாதீர்கள். வடித்த கஞ்சியைக் கொட்டாமல் உப்புப் போட்டுக் குடியுங்கள் என்று சொல்வேன். வீட்டில் யாராவது குடித்துவிட்டுச் சாப்பிடாமல் கிடந்து, கண் அலைபாய்ந்து தள்ளாடினால், தூங்கி எழுந்தால் சரியாகும் என்று விட்டுவிடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொல்வேன்.

தாத்தா, பாட்டி மலாயாவுக்கோ பர்மாவுக்கோ கப்பலேறிய குடும்பம் உங்களுடையது என்றால், அங்கே என்ன அரிசி சாப்பிட்டார்கள், ஊரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு போனார்களா என்று அவர்கள் சொன்னது ஏதாவது நினைவிருந்தால் எழுதுங்கள். எனக்கு அதைத் தெரிந்துகொள்ள மிகவும் ஆசை.