வசனத்தில் வராத அந்தஸ்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

பள்ளி மாணவர்களைப் பற்றி ஆறு பாகத் தொடர் ஒன்று எழுதுகிறேன். கெத்தான கூட்டம் ஒன்று, ஒதுக்கப்பட்ட கூட்டம் ஒன்று. “நீ எங்க லெவல் இல்லடா” என்பதுதான் முக்கியமான வசனம். படித்தவர்கள் கார்ட்டூன் மாதிரி இருக்கிறது என்கிறார்கள். நீங்கள் பாராட்டும் ‘ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் இதை எப்படிச் சமாளித்தது?
எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

கூட்டம் பிரித்ததில் தவறே இல்லை. 1980இன் மிஷிகன் பள்ளியில் நடக்கும் அந்தத் தொடரும் பிரிக்கத்தான் செய்கிறது. உங்கள் சிக்கல் அந்த வசனம். மேலே இருப்பவன் தன் உயரத்தை வாய்விட்டுச் சொல்லத் தேவையே இல்லை. அதை வரிசை சொல்லிவிடும்.

அதில் பேஸ்பால் பாகம் ஒன்று உண்டு. உடற்பயிற்சி வகுப்பில் அணி பிரிக்கும்போது, ஒதுக்கப்பட்ட கூட்டத்துப் பையன் பில் எப்போதும் கடைசி. பந்தே வராத மூலையில் நிறுத்துவார்கள். வாய்ப்பே தராமல் ஆடத் தெரியாது என்று எப்படி முடிவு செய்தீர்கள் என்பதுதான் அவன் கேள்வி. எவ்வளவு நியாயமான கேள்வி! ஒருநாள் அவனே கேப்டன் ஆகிறான். ஒதுக்கப்பட்டவர்களை முதலில் அழைக்கிறான். விளையாட்டு வீரர்கள் கடைசிவரை நிற்கிறார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை, பெயர்கள் அழைக்கப்படும் வரிசை மட்டும் மாறியிருக்கிறது. பிறகு உயர எழும்பிய பந்தை பில் பிடித்துவிடுகிறான். கூட்டாளிகள் ஓடிவந்து கட்டிக்கொண்டு குதிக்கிறார்கள். அதற்குள் எதிரணி புள்ளிக்காக ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆட்டத்தை ஜெயிக்கவைத்திருந்தால் அந்தக் காட்சி செத்திருக்கும்.

அடுத்தது விலை. கணிதப் போட்டி அணியில் இருந்த லிண்ட்சே, ராணுவ ஜாக்கெட் மாட்டிக்கொண்டு புதுக் கூட்டத்தோடு சேர்கிறாள். அதற்கான விலையைக் கொடுப்பவள் பழைய தோழி மில்லி. அவளைக் கேலிப்பொருளாக்காததுதான் அந்தத் தொடரின் பெருந்தன்மை. உங்கள் கதாநாயகன் மேலே ஏறும்போது கீழே யாரை விட்டுப்போகிறான்? அவனுக்கு ஒரு பெயரும் இரண்டு காட்சியாவது கொடுங்கள்.

மேல்கூட்டத்துக்காரனைக் கீழே கொண்டுவர வேண்டுமென்றால் அவமானப்படுத்தாதீர்கள், ஒரு வேலை கொடுங்கள். கடைசிப் பாகத்தில், கணக்குத் தேர்வுக்குப் பயந்து தீ அபாய மணியை அடித்த டேனியலை (லிண்ட்சே சேர்ந்த புதுக் கூட்டத்துக்காரன்), தண்டனையாகப் படக்கருவி ஓட்டும் மாணவர் குழுவில் போடுகிறார்கள். அங்கே பில்லின் கூட்டத்தோடு, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகி ஆடும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட உட்கார்கிறான். அவனுக்குக் கிடைத்த பாத்திரம் கார்லோஸ் என்னும் குள்ளன். மறுநாளும் ஆட வேண்டும் என்கிறான். அவன் நம்மைப்போல் ஆகிறானா, நாம் அவனைப்போல் ஆகிறோமா என்று அந்தப் பையன்கள் குழம்புகிறார்கள்.